வீட்டுக் கணிப்பொறிக்குக் காப்புநகல்: கருவியும் காலமும்

1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் மாநிலங்கள் திருத்தி அமைக்கப்பட்டபோது, தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. பாறசாலையிலிருந்து களியக்காவிளைக்குச் செல்பவர், சிறிது தொலைவிலேயே ஒரு மாநிலத்தை விட்டு மற்றொரு மாநிலத்தில் புகுந்துவிடுகிறார். ஆனால் கொள்வினையும் கொடுப்பினையும் எல்லைக் கோட்டைப் பார்த்து நடப்பவை அல்ல. எனவே இப்பகுதித் தமிழ்க் குடும்பம் ஒன்றின் பெட்டியைத் திறந்தால், மலையாளத்தில் எழுதிய பத்திரம் ஒன்று, தமிழில் எழுதிய பத்திரம் ஒன்று, கொல்லம் ஆண்டு குறித்த பழைய ஓலையோ தாளோ ஒன்று என்று பலவும் கலந்து கிடக்கக் காணலாம்.

அக்குடும்பத்தின் பிள்ளைகள் பம்பாயிலும் தில்லியிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கின்றனர். ஊருக்கு வரும்போது இத்தாள்களை ஸ்கேன் செய்து கணிப்பொறியில் சேர்த்து வைக்கின்றனர். பள்ளிச் சான்றிதழ், திருமணப் படங்கள், மறைந்த பெரியவர்களின் குரற்பதிவு ஆகியவையும் அங்கேயே சேர்கின்றன. இது நல்ல பழக்கமே. மூலப் பத்திரத்தின் இடத்தை அதன் படம் பெறாது என்பது உண்மை. எனினும் மூலம் தொலைந்துபோனால், அதன் எண்ணும் ஆண்டும் பதிவு அலுவலகத்தின் பெயரும் தெரிந்தவருக்குச் சான்றிட்ட நகல் பெறுவது எளிது. ஒன்றும் தெரியாதவருக்கு அது பல நாள் அலைச்சல். அயல் மாநிலத்தில் விடுப்புக் கேட்டுப் புறப்பட்டு வருபவருக்கு அந்த அலைச்சலின் விலை இன்னும் அதிகம்.

ஆனால் இவ்வளவு செல்வத்தையும் ஒரே பொறியில் வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாகாது. ஓலைச்சுவடியைச் செல் அரிக்கும் என்றறிந்த நம் முன்னோர், ஏடு பழுதாகுமுன் அதைப் பார்த்துப் புதிய ஏட்டில் எழுதி வைத்தனர். பழுதான பிறகு எழுதுவதற்கு எதுவும் இராது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். இன்றைய ஹார்டு டிஸ்க்குக்கும் அந்த நியாயமே பொருந்தும். அவ்வாறு முன்னதாகவே எடுத்து வைக்கும் பிரதியைக் காப்புநகல் என்கிறோம்.

காப்புநகல் எது, எது அன்று என்பதை முதலில் தெளிந்துகொள்ள வேண்டும். கூகுள் டிரைவ், ஒன்டிரைவ் போன்ற இணையச் சேமிப்பில் கோப்புகள் தாமாகவே சென்று சேர்கின்றனவே, அது போதாதா என்று பலர் வினவுகின்றனர். அவ்வகைச் சேவையின் முதன்மையான வேலை இரு இடங்களை ஒன்றுபோல் வைத்திருப்பது. இங்கே ஒரு கோப்பைத் தவறுதலாக அழித்தால் அங்கும் அது அழிகிறது. குப்பைத்தொட்டியில் 30 நாள் கிடக்கும்; அதன் பின் மீளாது. கண்ணாடியில் தெரியும் முகம் போன்றது அது. முகம் மறைந்தால் பிம்பமும் மறையும். காப்புநகலோ, நேற்று இருந்த நிலையையும் சென்ற மாதம் இருந்த நிலையையும் தனித்தனியே வைத்திருப்பது.

இதற்கு ஏற்ற மென்பொருளைத் தேர்வதற்கு ஐந்து வினாக்கள் போதும். நாம் நினைவூட்டாமலே குறித்த வேளையில் அது தானாக இயங்குமா? ஒரு கோப்பின் பழைய வடிவங்களையும் வைத்திருக்குமா? நகல் எடுக்க முடியாமற்போனால் அதை நமக்கு அறிவிக்குமா? பிறர் கையில் சிக்கினால் படிக்க இயலாதவாறு கடவுச்சொல்லால் பூட்டுமா? வேறொரு கணிப்பொறியில் இட்டு மீட்டெடுக்க வழி எளியதா? இவ்வைந்துக்கும் ஆம் என்ற விடை கிடைத்தால், விலை கொடுத்து வாங்கியதா, இலவசமாய்க் கிடைத்ததா என்பது இரண்டாவது விஷயம்.

பெரும்பாலான வீடுகளில் இதற்கெனப் புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. 2012இல் வெளியான விண்டோஸ் 8 முதற்கொண்டு ‘பைல் ஹிஸ்டரி’ என்ற வசதி விண்டோஸுடனேயே வருகிறது. வெளி டிஸ்க் ஒன்றை இணைத்து இதனை இயக்கி வைத்தால், மாறிய கோப்புகளை மணிக்கு ஒரு முறை நகலெடுத்துக்கொள்ளும். ஆனால் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் போன்ற வழக்கமான உறைகளையே அது கவனிக்கும். ‘டி’ டிரைவில் தனியே ஓர் உறை திறந்து பத்திரங்களை வைத்திருப்பவர், அவ்வுறையையும் பட்டியலில் சேர்த்தல் வேண்டும். பலரும் ஏமாறுவது இவ்விடத்திலேதான்.

ஆப்பிள் கணிப்பொறிகளில் 2007 முதல் ‘டைம் மெஷின்’ உள்ளது. கடந்த 24 மணி நேரத்துக்கு மணிக்கொரு நகலும், கடந்த ஒரு மாதத்துக்கு நாளுக்கொரு நகலும், அதற்கு முந்திய காலத்துக்கு வாரத்துக்கொரு நகலும் அது வைத்திருக்கும். இடம் நிறைந்தால் மிகப் பழையதை நீக்கும். அண்மையதை நெருக்கமாகவும் தொலைவிலுள்ளதைத் தளர்வாகவும் வைக்கும் இம்முறை எந்த மென்பொருளுக்கும் நல்ல முன்மாதிரியாகும்.

கேரளப் பள்ளிகளில் ‘கைட்’ நிறுவனம் வழங்கும் லினக்ஸ், உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டது. ஆதலால் நெய்யாற்றின்கரைப் பகுதியில் மாணவர் உள்ள வீடுகளுக்கு லினக்ஸ் புதியதன்று. அதில் இயங்கும் ‘தேஜா டூப்’ என்ற எளிய மென்பொருள், நாளுக்கொரு முறையோ வாரத்துக்கொரு முறையோ, கடவுச்சொல் இட்டுப் பூட்டிய நகலை எடுத்து வைக்கும். கடவுச்சொல்லைப் பற்றி ஓர் எச்சரிக்கை: அதை மறந்தால் நகலும் இல்லை என்றே கொள்ள வேண்டும். ஒரு தாளில் எழுதி, வீட்டுப் பத்திரங்களோடு வைத்து, குடும்பத்தில் இன்னொருவருக்கும் அவ்விடத்தைச் சொல்லி வைப்பது அறிவுடைமை.

இனிக் காலம். எத்தனை நாளுக்கு ஒரு முறை நகலெடுப்பது? எவ்வளவு இழந்தால் பொறுத்துக்கொள்வோம் என்று நம்மை நாமே கேட்டுக்கொண்டால் விடை கிடைக்கும். நாள்தோறும் எழுதுபவருக்கும் கடைக்கணக்கு வைப்பவருக்கும் ஒரு நாள் உழைப்பே பெரிது. அவர்களுக்கு நாள்தோறும் நகல் வேண்டும். படங்களும் ஸ்கேன் செய்த தாள்களுமே வைத்திருப்பவருக்கு வாரம் ஒரு முறை போதும்; புதிதாய் எதையேனும் சேர்த்த அன்று மட்டும் தனியே ஒரு முறை எடுத்துக்கொள்ளலாம்.

நாளின் எந்த வேளையில் எடுப்பது என்பதும் சிந்திக்கத்தக்கது. இரவு இரண்டு மணிக்கு எடு என்று குறித்துவைப்பது அலுவலகங்களுக்குப் பொருந்தும். வீட்டுப் பொறி அப்போது அணைந்திருக்கும். பாறசாலை, நெய்யாற்றின்கரை ஊர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. கோடை மழைக் காலத்திலும், ஐப்பசியில் துலாவருஷம் என வழங்கும் வடகிழக்குப் பருவமழைக் காலத்திலும், அங்கே பிற்பகலில் இடியும் மின்னலும் மிகுதி. கேரள மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையம் இக்காலங்களில் பிற்பகல் 2 மணி முதல் இரவு 10 மணி வரை விழிப்பாயிருக்குமாறு எச்சரிக்கை விடுப்பது வழக்கம். மின்னல் கம்பி வழியே பாய்ந்தால், கணிப்பொறியும் அதனோடு இணைந்துள்ள காப்பு டிஸ்க்கும் ஒரே நொடியில் கெடலாம். ஆகவே முற்பகல் பத்து மணி போன்ற வேளையைக் குறித்து, நகல் முடிந்ததும் டிஸ்க்கைக் கழற்றிவிடுவது நலம். குறித்த வேளையில் பொறி அணைந்திருந்தால், அடுத்து இயங்கும்போது விடுபட்ட வேலையை உடனே செய்யுமாறு அமைக்கும் வசதி விண்டோஸின் ‘டாஸ்க் ஷெட்யூலர்’ கருவியில் உண்டு. அதைத் தெரிவுசெய்ய மறக்கலாகாது.

டிஸ்க்கைக் கழற்றி வைப்பதால் வேறொரு பயனும் உண்டு. 2017 மே மாதத்தில் ‘வான்னாக்ரை’ என்ற தீய நிரல் உலகெங்கும் பரவியது. கோப்புகளைப் பூட்டிவிட்டுத் திறப்பதற்குப் பணம் கேட்பது அதன் தொழில். கேரளத்தில் வயநாட்டுத் தரியோடு பஞ்சாயத்து அலுவலகமும் பத்தனம்திட்டை மாவட்டத்து அருவாப்புலம் பஞ்சாயத்து அலுவலகமும் அதற்கு இலக்காயின. இத்தகைய நிரல்கள் பொறியோடு இணைந்திருக்கும் வெளி டிஸ்க்கையும் விட்டுவைப்பதில்லை. அலமாரியில் இருக்கும் டிஸ்க்கை அவற்றால் தொட முடியாது.

ஆயினும் அலமாரியும் அதே வீட்டில்தானே இருக்கிறது? தீயும் வெள்ளமும் திருட்டும் வீட்டையே நாடி வருபவை. எனவே மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், அவற்றுள் ஒன்று வேறிடத்தில் என்பது இத்துறையினர் கைக்கொள்ளும் விதி. வெளி மாநிலத் தமிழருக்கு இதில் ஓர் இயல்பான சௌகரியம் அமைந்திருக்கிறது. உழைக்கும் ஊரில் ஒரு வீடும், பிறந்த ஊரில் ஒரு வீடும் அவர்களுக்கு உண்டு. இரண்டு டிஸ்க்குகள் வாங்கி, ஒன்றைத் தம்மிடமும் மற்றொன்றை ஊரிலும் வைத்து, ஓணத்துக்கோ பொங்கலுக்கோ வரும்போது மாற்றிக்கொள்ளலாம். பாறசாலையில் இருப்பவர், எல்லைக்கு அப்பால் மார்த்தாண்டத்திலோ நாகர்கோவிலிலோ உள்ள உறவினர் வீட்டில் ஒன்றை வைக்கலாம். பயணங்களுக்கு இடையே சேர்பவற்றைக் காக்க இணையச் சேமிப்புத் துணைபுரியும்.

தமிழில் எழுதி வைத்திருப்போர் இன்னொன்றையும் கவனித்தல் வேண்டும். நாம் மொழிபெயர்ப்பு அலுவலில் பழைய கோப்புகளை அடிக்கடி திறக்க நேர்கிறது. கோப்பு இருந்தும் எழுத்து இல்லாத நிலையை அங்கே காண்கிறோம். யூனிகோடு பரவுவதற்கு முன், பாமினி போன்ற தனி எழுத்துருக்களிலும், 1999இல் சென்னைத் தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி வந்த டாம், டாப் குறியீடுகளிலும் தட்டெழுதியவை ஏராளம். உரிய எழுத்துரு இல்லாத பொறியில் திறந்தால் அவை பொருளற்ற குறிகளாகவே தோன்றும். எனவே அக்கோப்புகளுடன் அவற்றின் எழுத்துருவையும் காப்புநகலில் சேர்க்க வேண்டும். யூனிகோடுக்கு மாற்றிய பிரதி ஒன்றையும், பி.டி.எப். வடிவில் ஒன்றையும் உடன் வைத்தால் கவலையில்லை.

இறுதியாக, எல்லாவற்றிலும் முக்கியமானது மீட்டுப் பார்த்தல். 2017 ஜனவரி 31ஆம் நாள், கிட்லேப் என்ற மென்பொருள் நிறுவனத்தில் ஊழியர் ஒருவர் தரவுத்தளத்தைத் தவறுதலாக அழித்துவிட்டார். காப்புக்கென ஐந்து வழிகள் அங்கே இருந்தன. வேண்டிய வேளையில் அவற்றுள் ஒன்றும் நம்பத்தக்கதாக இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. ஆறு மணி நேரத்துக்கு முன் வேறொரு காரணத்துக்காகத் தற்செயலாக எடுத்து வைத்த பிரதி ஒன்றே கைகொடுத்தது. தேர்ந்த பொறியாளர்கள் நிறைந்த இடத்திலேயே இப்படி நேருமாயின், நம் வீட்டில் எவ்வளவு விழிப்பு வேண்டும்!

ஆகவே மூன்று திங்களுக்கு ஒரு முறை, காப்பு டிஸ்க்கிலிருந்து ஏதேனும் ஒரு பத்திரம், ஒரு படம், ஒரு குரற்பதிவு ஆகியவற்றை எடுத்து, கூடுமானால் வேறொரு கணிப்பொறியில் திறந்து பார்க்க வேண்டும். பத்திரத்தின் எண் தெளிவாகத் தெரிகிறதா, குரல் ஒலிக்கிறதா என்று சோதித்துத் தேதியைக் குறித்துக்கொள்ள வேண்டும். இதற்குக் கால் மணி நேரம் போதும். திறந்து பார்த்த நகலே நகல். மற்றதெல்லாம் நம்பிக்கை மட்டுமே.