பனிக்காலத்துச் சைக்கிள் சவாரியும் பாதத்தின் உஷ்ணமும்

பின்லாந்து தேசத்தின் வடபாகத்தில், பொத்னியா வளைகுடாவின் கரையில் அமைந்திருக்கும் ஔலு என்னும் நகரத்தில், வருஷத்தில் ஏறக்குறைய ஐந்து மாத காலம் தரையெல்லாம் பனி மூடிக் கிடக்க, ஜனவரி மாதத்தில் பூஜ்யத்துக்குக் கீழே 10 டிகிரிக் குளிர் என்பது சர்வ சாதாரணமாக இருக்க, அந்த நிலையிலும் பள்ளிச் சிறுவர்களும் உத்தியோகஸ்தர்களும் வயோதிகர்களும் சைக்கிளிலேயே தத்தம் காரியங்களுக்குப் போய்வருகிறார்கள். நகரசபையார் 900 கிலோமீட்டருக்கும் அதிகமான நீளத்துக்குச் சைக்கிள் பாதைகள் போட்டு, அவற்றில் விழும் பனியை ஒழுங்காக வாரி அகற்றி வருகிறார்கள். குளிர்காலச் சைக்கிள் சவாரியைப் பற்றி ஆராயும் சர்வதேச மகாநாடு முதன்முதலாக 2013-ஆம் வருஷத்தில் அந்த நகரத்தில் கூடியது மிகவும் பொருத்தமே. ஆனால் பாதையைக் காப்பது நகரசபையின் கடமையென்றால், பாதத்தைக் காப்பது அவரவர் பொறுப்பு. காதும் மூக்கும் விறைப்பதைக் காட்டிலும், கால்விரல்கள் மரத்துப்போவதே குளிர்ப் பிரதேசங்களில் சைக்கிள் விடுவோரைப் பெரிதும் வாட்டும் உபத்திரவம். அதன் காரணத்தைத் தெரிந்துகொண்டவர்களுக்கு நிவாரணமும் எளிதில் கைகூடும்.

இருதயமும் நுரையீரலும் மூளையும் இருக்கும் உட்பாகத்தைச் சுமார் 37 டிகிரி உஷ்ணத்தில் வைத்திருப்பதே சரீரத்தின் முதற் கவலை. வெளியே குளிர் மிகுந்து, உட்பாகத்தின் உஷ்ணம் குறையக்கூடும் என்ற அறிகுறி தோன்றிய மாத்திரத்தில், கைகால்களின் நுனிக்குப் போகும் சிறு இரத்தக் குழாய்களைச் சரீரம் சுருக்கிவிடுகிறது. பாதமோ இருதயத்துக்கு வெகு தூரத்தில் இருப்பது, சதைப்பற்று குறைந்தது, கால்விரல்களை அசைக்கும் பெரிய தசைகள்கூடக் கணைக்காலில் இருந்துகொண்டு தசைநாண்களால் இழுக்கின்றனவேயன்றி விரல்களுக்குள் இல்லை. ஆகவே தனக்கு வேண்டிய உஷ்ணத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் சக்தி பாதத்துக்கு மிகச் சொற்பம். இரத்தம் கொண்டுவந்து கொடுத்தால்தான் உண்டு. பனிக்கட்டி நீரில் விரலை அமிழ்த்தி வைத்தால், முதலில் சுருங்கிய குழாய்கள் சில நிமிஷங்களுக்குப் பின் தாமே விரிந்து, மறுபடி சுருங்கி, இப்படி மாறி மாறி இயங்குவதை ஸர் தாமஸ் லூயிஸ் என்னும் பிரிட்டிஷ் வைத்திய விஞ்ஞானி 1930-இல் விவரித்தார். விரல் அடியோடு கெட்டுவிடாமலிருக்க இயற்கை செய்திருக்கும் ஏற்பாடு அது. ஆயினும் தேகம் முழுவதும் குளிர்ந்துபோனவருக்கு அந்த ஏற்பாடும் சரிவர வேலை செய்வதில்லை.

நடப்பவனுக்கு இல்லாத இரண்டு இடைஞ்சல்கள் சைக்கிள் விடுகிறவனுக்கு உண்டு. நடக்கும்போது பாதம் ஒவ்வோர் அடிக்கும் வளைந்து நிமிர்ந்து இரத்தத்தை ஓட்டுகிறது. சைக்கிளிலோ, தொடையும் கணைக்காலும் ஓயாமல் உழைக்க, பாதம் மட்டும் பெடலின் மேல் வளையாமல் அழுந்தி நிற்கிறது. காற்றே வீசாத நாளிலும், மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவன் அந்த வேகத்துக்குரிய காற்றைத் தானே தனக்கு எதிராக உண்டாக்கிக்கொள்கிறான் என்பது இரண்டாவது இடைஞ்சல். காற்றினால் குளிர் எவ்வளவு கடுமையாகிறது என்பதை முதன்முதலில் அளந்து சொன்னவர்கள் பால் சைப்பிள், சார்லஸ் பாஸல் என்ற இரு அமெரிக்கர்கள். 1941-இல் அன்டார்க்டிகாவின் கடுங்குளிரில், ஒரு சிறு பிளாஸ்டிக் உருளையில் தண்ணீரை நிரப்பித் தொங்கவிட்டு, பல்வேறு காற்று வேகங்களில் அது உறைய எவ்வளவு நேரம் பிடிக்கிறதென்று அவர்கள் குறித்துவைத்தார்கள். பின்னால் திருத்தி அமைக்கப்பட்டு இன்று கனடாவிலும் அமெரிக்காவிலும் வழங்கும் கணக்கின்படி, பூஜ்யத்துக்குக் கீழே 10 டிகிரிக் குளிரில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால், மூடாத தோலுக்கு அது கீழே 18 டிகிரி போல உறைக்கும்.

இந்தக் குளிரில், வேனிற்காலத்துப் பந்தயச் சைக்கிளுக்கென்று செய்த பாதரட்சை ஒன்றை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். விரல்களுக்கு மேலே காற்று புகுவதற்காகச் சல்லடைத் துணி. அடித்தட்டிலும் காற்றுக்காகத் துளைகள். பெடலோடு பூட்டிக்கொள்வதற்காக, முன்பாதத்துக்கு நேர் கீழே திருகி வைத்த உலோகக் கட்டை. வியர்வையை ஆற்றுவதற்கென்று செய்த ஒவ்வோர் அம்சமும் பனிக்காலத்தில் சத்துருவாகிவிடுகிறது. துளை வழியே காற்று நுழைகிறது. உலோகத்தின் வழியே பாதத்தின் சூடு பெடலுக்கு இறங்குகிறது. இதைச் சமாளிக்க எண்ணி, அதே பாதரட்சைக்குள் இரண்டு ஜோடிக் கனத்த காலுறைகளைத் திணித்துக்கொள்வதுதான் அநேகர் செய்யும் பிழை. இடமில்லாத இடத்தில் காலுறையைத் திணித்தால், உஷ்ணத்தைக் காக்கும் காற்று அதன் இழைகளினின்று பிதுங்கி வெளியேறிவிடுவதோடு, ஏற்கெனவே சுருங்கிய இரத்தக் குழாய்களும் நசுங்குகின்றன. பிளாஸ்கு வெந்நீரின் சூட்டைக் காக்குமேயன்றித் தண்ணீரை வெந்நீராக்காது, காலுறையும் அத்தகையதே. இரத்தம் வந்தால் அதன் சூட்டைக் காலுறை காக்கும். இரத்தத்தையே தடுத்துவிட்டால், காப்பதற்கு அங்கே ஒன்றுமில்லை.

ஆகையால் பாதத்தைக் காக்கும் முயற்சியைப் பாதத்தினின்று தொடங்காமல், தேகத்தினின்று தொடங்குவதே முறை. மார்பும் தலையும் கதகதப்பாக இருந்து, முழங்காலும் கணைக்காலும் காற்றுப் படாமல் மூடப்பட்டிருந்தால், இரத்தம் தன் சூட்டை வழியில் இழக்காமல் பாதம் வரை வந்து சேரும். புகையிலையிலுள்ள நிகோடின் இரத்தக் குழாய்களைச் சுருக்கும் ஆதலால், கடுங்குளிரில் புறப்படுமுன் சிகரெட் பிடிப்பது காலுக்குக் கேடு. மதுவோ தோலின் குழாய்களை விரித்துச் சூடு பிறந்ததுபோல் பிரமையூட்டி, உட்பாகத்தின் உஷ்ணத்தைக் கொள்ளைகொடுத்துவிடும்.

பாதரட்சை, கனத்த காலுறை அணிந்த பின்னும் விரல்கள் தாராளமாக அசையும் அளவுக்குப் பெரிதாக இருக்கவேண்டும். பூட்டுப் பெடலை விட்டுத் தட்டையான பெடலுக்கு மாறி, கம்பளி உள்வைத்த பூட்ஸ் அணிபவர்களுக்குப் பாதி உபத்திரவம் தீர்ந்தது. பூட்டுப் பெடலை விட மனமில்லாதவர்கள், அடித்தட்டின் துளைகளை உள்ளிருந்து ஒட்டி மூடி, கம்பளித் தகடு ஒன்றை உள்ளே பரப்பி, நியோப்ரீன் என்னும் ரப்பர்த் துணியால் ஆன மேலுறையை வெளியே மாட்டிக்கொள்ளலாம். காலுறைக்குப் பருத்தி ஆகாது. அது வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே நின்றுவிடும். ஆட்டு ரோமக் கம்பளியோ, தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உள்வாங்கிய பின்பும் தோலுக்கு ஈரமாகத் தோன்றுவதில்லை. தண்ணீர், அசையாத காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக உஷ்ணத்தைக் கடத்துவது. ஆதலால் நனைந்த கம்பளியைவிட உலர்ந்த கம்பளியே மேல் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. நெடுந்தூரம் போகிறவர்கள் முதலில் மெல்லிய காலுறை, அதன்மேல் சாதாரணப் பிளாஸ்டிக் பை, அதன்மேல் கனத்த கம்பளி என்று அணிவதுண்டு. வியர்வை பைக்குள்ளேயே நின்று, வெளிக்கம்பளி உலர்ந்திருக்கும். போய்ச் சேர்ந்தவுடன் பையைக் கழற்றிக் காலைத் துடைத்து உலர்த்துவது அவசியம். இரும்புத் தூள் காற்றிலுள்ள பிராணவாயுவோடு சேர்ந்து சூடுண்டாக்கும் சிறு பொட்டலங்களும் கடைகளில் கிடைக்கின்றன. காற்றுப் புகாத இறுக்கமான பாதரட்சைக்குள் வைத்தால் அவை அணைந்துபோகும்.

ஏறும்போது வியர்ப்பதும் இறங்கும்போது உறைவதும் மலைப்பாதைகளின் சுபாவம். 1988-ஆம் வருஷம் ஜூன் 5-ஆம் தேதி, இத்தாலி தேசத்தைச் சுற்றும் பந்தயம் காவியா கணவாயைக் கடந்தபோது பனி கொட்டியது. அரைக்கைச் சட்டையோடு முதலாவதாக உச்சியை அடைந்த யோஹான் வான் டெர் வெல்டே என்ற டச்சுக்காரர், இறக்கத்தில் குளிர் தாங்காமல் ஒதுங்கி நின்று, முக்கால் மணிக்கும் மேலாகப் பின்தங்கிவிட்டார். குளிருக்குரிய உடைகளோடு முன்னேற்பாடாக வந்திருந்த அமெரிக்க அணியைச் சேர்ந்த ஆண்டி ஹாம்ப்ஸ்டன், அன்றுதான் தலைமையைக் கைப்பற்றி, முடிவில் பந்தயத்தையே ஜயித்தார். ஏற்றத்தில் உழைப்பு தரும் சூடு, மிதிக்காமலே வேகம் கூடும் இறக்கத்தில் நின்றுவிடுகிறது. காற்று மட்டும் இரட்டிக்கிறது. அத்தகைய இறக்கங்களுக்கு முன் கொஞ்ச தூரம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தால், விரல்களுக்கு உயிர் வரும்.

அலட்சியம் கூடாத கட்டமும் ஒன்று உண்டு. வலித்துக்கொண்டிருந்த விரல் திடீரென்று வலியற்றுப்போவது நல்ல சகுனமன்று. தோல் வெளுத்து மெழுகுபோலத் தோன்றினால், சதை உறையத் தொடங்கிவிட்டதென்று அறிந்து, உடனே கதகதப்பான இடத்துக்குள் போய்விடவேண்டும். பனியால் தேய்ப்பதும், உணர்ச்சியற்ற காலை நெருப்பருகே நீட்டுவதும் பெருந்தீங்கு. மீண்டும் உறையும் அபாயமில்லை என்ற நிச்சயம் இருந்தால்தான், 37 முதல் 39 டிகிரி சூடுள்ள வெந்நீரில் காலை வைக்கலாம். அதன்பின் வைத்தியரிடம் காட்டுவது கட்டாயம். உறைபனி இல்லாத ஊர் என்றும் இறுமாந்திருக்கலாகாது. முதல் உலக யுத்தத்தில் பதுங்குகுழிகளில் நின்ற போர்வீரர்களின் கால்கள் பூஜ்யத்துக்கு மேற்பட்ட குளிரிலேயே, நாட்கணக்கில் ஈரத்தில் நின்றதனால் அழுகின. மாற்றிக்கொள்ள உலர்ந்த காலுறை ஒன்றைப் பையில் வைத்திருப்பதைவிடச் சுலபமான பாதுகாப்பு இல்லை.

டொராண்டோவிலும் ஆஸ்லோவிலும் வசிக்கும் நம்மவர் குடும்பங்கள் ஏராளம். அங்கே படிக்கவோ வேலைக்கோ போயிருக்கும் பிள்ளைகள் பனிக்காலத்தில் சைக்கிளில் போய்வருவதாக எழுதினால், வேண்டாமென்று தடுக்காதீர்கள்; உலர்ந்த கம்பளிக் காலுறையும், ஓர் அளவு பெரிய பூட்ஸும் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.