வீட்டு டி.வி.யைப் புதுப்பிக்கும் முன் ஒரு வியாபாரக் கணக்கு

மாலை ஆறு மணி முதல் இரவு பத்து மணி வரைதான் தொலைக்காட்சியில் செய்தி, தொடர், விவாதம் எல்லாம் களைகட்டும் நேரம். மளிகைக் கடைக்குக் கூட்டம் வருவதும் அதே நேரத்தில்தான். கல்லாவில் இருப்பவர் எழுந்து போக முடியாது. கடையைப் பூட்டிவிட்டு வீடு போய்ச் சேரும்போது பார்க்க வேண்டியது எல்லாம் முடிந்திருக்கும். ஆகவே நிகழ்ச்சியைப் பதிவு செய்து வைத்து, ஒழிந்த நேரத்தில் பார்க்கும் வசதி மற்றவர்களைவிட வியாபாரிகளாகிய நமக்கே அதிகம் பயன்படும்.

32 அங்குலத்துக்கு மேற்பட்ட டி.வி.களுக்கு 28 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி., 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. அதன் பிறகு பழைய பெட்டியை மாற்றலாமா, இணைப்பை மாற்றலாமா என்று நம் அங்கத்தினர் வீடுகளில் பேச்சு அடிபடுகிறது. மாற்றுவது நல்லதுதான். ஆனால் ஒரு சரக்கைக் கொள்முதல் செய்யும்போது தரம், அடக்கம், கைவசம் என்று மூன்றைப் பார்க்கிறோம் அல்லவா? இதற்கும் அந்த மூன்றையும் பார்க்க வேண்டும்.

வந்த வழி

சென்னையில் தூர்தர்ஷன் 1975இல் தொடங்கியது. 1982 ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி வண்ண ஒளிபரப்பு வந்தது. 1993இல் சன் டி.வி. வந்த பிறகு தெருத்தெருவாகக் கேபிள் வயர் போனது. அந்தக் காலத்தில் பதிவு செய்வது என்றால் வி.சி.ஆர்.தான். ஒரு கேசட்டில் மூன்று மணி நேரம் பிடிக்கும். அதை எடுத்துப் போய் எந்த வீட்டு வி.சி.ஆரிலும் போட்டுப் பார்க்கலாம்.

2006இல் தொடங்கிய டாடா ஸ்கை நிறுவனம், இன்றைய டாடா பிளே, 2008இல் பதிவு வசதியுள்ள செட்டாப் பாக்ஸைக் கொண்டுவந்தது. கேசட் போய், பாக்ஸுக்குள்ளேயே ஹார்ட் டிஸ்க் வந்தது. தமிழ்நாட்டில் அரசு கேபிள் நிறுவனம் 2017இல் டிஜிட்டல் உரிமம் பெற்று, செட்டாப் பாக்ஸ் கொடுக்கத் தொடங்கியது. கேசட் காலத்துக்கும் பாக்ஸ் காலத்துக்கும் உள்ள பெரிய வித்தியாசத்தைக் கைவசம் என்ற பகுதியில் சொல்கிறோம்.

தரம்

பெரிய டி.வி. வாங்கினால் படம் தானாக நன்றாகிவிடும் என்று பலரும் நினைக்கிறோம். அப்படி இல்லை. சாதாரண எஸ்.டி. சேனலின் படம் 576 வரிகள் கொண்டது. முழு எச்.டி. படம் 1080 வரிகள். 4கே டி.வி.யின் திரையோ 2160 வரிகள். எஸ்.டி. சேனலை 55 அங்குல 4கே திரையில் போட்டால், உள்ள மாவையே இழுத்துப் பெரிய தோசையாக வார்த்த கதைதான். முகம் மங்கலாகத் தெரியும்.

டி.வி., பாக்ஸ், சேனல், இடையில் உள்ள வயர் ஆகிய நான்கும் ஒரே தரத்தில் இருந்தால்தான் கொடுத்த பணத்துக்குப் பலன். இதில் வயரைத்தான் அதிகம் பேர் கவனிப்பதில்லை. எச்.டி. பாக்ஸும் எச்.டி. சேனலும் வாங்கிவிட்டு, பழைய மஞ்சள், வெள்ளை, சிவப்பு முனை வயரிலேயே டி.வி.யோடு இணைத்திருப்பார்கள். அந்த வயரில் எச்.டி. படம் வராது. எச்.டி.எம்.ஐ. வயர்தான் போட வேண்டும். சில நூறு ரூபாய் வயரைப் போடாமல், மாதாமாதம் எச்.டி. கட்டணம் கட்டிக்கொண்டிருப்பது நஷ்டம். இன்றே வீட்டில் டி.வி.யின் பின்பக்கம் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

அடக்கம்

டி.வி. வாங்குவது ஒருமுறைச் செலவு. இணைப்போ மாதச் செலவு. நாம் விலை பேசி ஆயிரம் ரூபாய் குறைத்து டி.வி. வாங்கிவிட்டு, மாதக் கட்டணத்தை விசாரிக்காமல் விட்டுவிடுகிறோம். உதாரணமாக மாதம் 350 ரூபாய் என்றால் வருடத்துக்கு 4,200. ஐந்து வருடத்துக்கு 21,000. ஒரு டி.வி.யின் விலையே அதில் அடங்கிவிடும்.

2019 பிப்ரவரி முதல், பார்க்கும் சேனலுக்கு மட்டும் பணம் என்ற முறையை டிராய் கொண்டுவந்தது. அப்போது இணைப்புக் கட்டணம் 100 சேனல்களுக்கு அதிகபட்சம் 130 ரூபாய். வரியோடு 153 ரூபாய் 40 காசு. பிறகு அதே பணத்துக்கு 200 சேனல் என்றானது. 2024 ஜூலையில் அந்த உச்சவரம்பே நீக்கப்பட்டு, கட்டணத்தை நிறுவனங்களே நிர்ணயிக்கலாம் என்று ஆகிவிட்டது. ஆகவே பக்கத்து வீட்டுக்காரர் சொல்லும் தொகையை நம்பாமல், இணைப்புக் கட்டணம் எவ்வளவு, சேனல்களுக்கு எவ்வளவு, வரி எவ்வளவு என்று தனித்தனியாகக் கேட்டு எழுதி வாங்குவது நல்லது. தொகுப்பில் வரும் சேனல்களில் வீட்டில் யாரும் பார்க்காதவற்றை நீக்கச் சொன்னால் எவ்வளவு குறையும் என்றும் கேட்கலாம்.

செலவே வேண்டாம் என்பவர்களுக்குத் தூர்தர்ஷனின் டி.டி. ஃப்ரீ டிஷ் இருக்கிறது. டிஷ்ஷும் பாக்ஸும் வாங்கினால் போதும், மாதக் கட்டணம் கிடையாது. ஆனால் நம் வீட்டுப் பெண்கள் விரும்பும் சேனல்கள் அதில் உண்டா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கைவசம்

இப்போது பதிவு விஷயத்துக்கு வருவோம். பதிவு வசதி இரண்டு வகை. ஒன்று, பாக்ஸுக்குள்ளேயே ஹார்ட் டிஸ்க் இருப்பது. மற்றொன்று, பாக்ஸில் உள்ள யு.எஸ்.பி. துவாரத்தில் நாமே பென் டிரைவையோ ஹார்ட் டிஸ்கையோ செருகிக்கொள்வது. எச்.டி. படம் நொடிக்கு 8 மெகாபிட் வேகத்தில் வந்தால், ஒரு மணி நேரப் பதிவுக்கு 3.6 ஜி.பி. இடம் வேண்டும். 500 ஜி.பி. டிஸ்கில் சுமார் 138 மணி நேரம் பிடிக்கும். எஸ்.டி. பதிவு இதில் கால் பங்கு இடத்தில் அடங்கும் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஒரு சேனலைப் பதிவு செய்துகொண்டே வேறு சேனலைப் பார்க்க வேண்டுமானால் பாக்ஸில் இரண்டு டியூனர் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நமக்காகச் செய்தி பதிவாகும் நேரத்தில் வீட்டில் தொடர் பார்க்க முடியாமல் சண்டை வரும். வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

இனி முக்கியமான வித்தியாசம். கேசட் நம் கையில் இருந்தது. பாக்ஸில் பதிந்தது அப்படி அல்ல. பதிவு பூட்டுப் போட்டே எழுதப்படுகிறது. பென் டிரைவ் நம்முடையதாக இருந்தாலும், அதை வேறு டி.வி.யிலோ கம்ப்யூட்டரிலோ போட்டால் பெரும்பாலும் ஓடாது. பதிந்த பாக்ஸில்தான் ஓடும். சரக்கு நம்முடையது, குடோன் சாவி அடுத்தவரிடம் என்பது போல.

எங்கள் கடைவீதியில் அரிசி வியாபாரம் செய்யும் நண்பர், கோயில் தேரோட்டத்தை உள்ளூர் சேனல் ஒளிபரப்பியபோது பதிவு செய்து வைத்திருந்தார். கூட்டத்தில் அவருடைய தாயார் வடம் தொட்டுக் கும்பிடுவது நன்றாக விழுந்திருந்தது. அடுத்த வருடம் தாயார் காலமானார். அதன் பிறகு மாதக் கட்டணம் குறைவு என்று வேறு இணைப்புக்கு மாறி, பழைய பாக்ஸைத் திருப்பிக் கொடுத்தார். அந்தப் படமும் பாக்ஸோடு போய்விட்டது. மாதம் மிச்சமானது அறுபது ரூபாய்.

ஆகவே செய்தி, தொடர், கிரிக்கெட் போன்ற பார்த்துவிட்டு அழிக்கும் விஷயங்களுக்குத்தான் பாக்ஸ் பதிவு. குடும்பத்தார் இடம்பெற்ற நிகழ்ச்சி என்றால், ஒளிபரப்பான வாரத்திலேயே உள்ளூர் சேனல்காரரிடம் கேட்டு ஒரு பிரதி வாங்கிவிட வேண்டும். பழைய கல்யாண வீடியோ கேசட்டுகளையும் தள்ளிப்போடாமல் மாற்றிவிடுங்கள். வி.சி.ஆர். தயாரித்து வந்த கடைசி நிறுவனமும் 2016இல் நிறுத்திவிட்டது. ஓட்டிப் பார்க்கும் மிஷினே கிடைக்காத நாளில் கேசட் இருந்து பயன் இல்லை. இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை வீட்டிலும் மற்றொன்றை மகன் அல்லது மகள் வீட்டிலும் வைப்பது உத்தமம்.

இப்போது ஓ.டி.டி. செயலிகளில் பழைய நிகழ்ச்சிகள் கிடைக்கின்றன, பதிவே எதற்கு என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். நல்ல இன்டர்நெட் இணைப்பு உள்ள வீட்டில் பதிவு பாக்ஸுக்குத் தனியாகப் பணம் கொடுக்க அவசியம் இருக்காது. ஆனால் உரிமைக் காலம் முடிந்தால் செயலியிலிருந்து நிகழ்ச்சியை எடுத்துவிடுவார்கள். அங்கும் சாவி நம்மிடம் இல்லை.

கவனிக்க

ஹார்ட் டிஸ்க் உள்ளே சுழலும் பொருள். திடீர் மின்வெட்டும் சூடும் அதற்கு ஆகாது. பாக்ஸை அலமாரிக்குள் அடைத்து வைக்காமல் காற்றோட்டமாக வைத்து, இன்வெர்ட்டர் லைனில் இணைப்பது நல்லது. சொந்த உபயோகத்துக்கு வீட்டில் பதிவு செய்வதைக் காப்புரிமைச் சட்டம் அனுமதிக்கிறது. பிரதி எடுத்து விற்பது குற்றம்.

பணம் கொடுக்கும் முன் ஐந்து கேள்விகள் கேளுங்கள். பாக்ஸ் சொந்தமா, வாடகையா? ரிப்பேர் ஆனால் செலவு யாருடையது? டியூனர் ஒன்றா, இரண்டா? மாதக் கட்டணம் கட்டாத நாளில் பழைய பதிவு ஓடுமா? இணைப்பை விட்டால் பதிவு என்ன ஆகும்? ஐந்துக்கும் ரசீதிலோ விளம்பரத் தாளிலோ எழுத்தில் பதில் இருந்தால் வாங்கலாம். வாய் வார்த்தையை நம்பி நாம் ஒரு மூட்டை துவரம்பருப்புகூட இறக்குவதில்லை.