வாயிற்கதவு மூடினால் வழக்கும் மூடுமா?

"நாளை முதல் நீ உள்ளே வரவேண்டாம்!" வாயிற்காவலர் வாயிலிருந்து வரும் இந்த ஒரு வரியால் எத்தனை தொழிலாளர் வீட்டு அடுப்பு அணைந்திருக்கிறது!

காரணம் கேட்டால் கம்பெனி மேலாளர், "நீ எங்கள் ஆள் அல்லவே, காண்ட்ராக்டரைக் கேள்" என்பார். காண்ட்ராக்டரிடம் ஓடினால், அவர் அதைவிட அப்பாவி! "நானா தடுத்தேன்? கம்பெனி வேண்டாம் என்கிறது, நான் என்ன செய்ய?" என்பார். வேலை வாங்கும்போது இரண்டு எசமானர்கள். வேலை போகும்போது ஒருவரும் இல்லை!

தோழர்களே, ஒன்றை ஒப்புக்கொண்டே பேசுவோம். தன் ஆலைக்குள் யார் நுழையலாம் என்று சொல்ல ஆலைக்காரனுக்கு உரிமை உண்டு. ஆனால் கதவடைப்பது வேறு, வேலைநீக்கம் வேறு. கம்பெனி பாஸை ரத்து செய்த மாத்திரத்தில் காண்ட்ராக்டருக்கும் தொழிலாளிக்கும் உள்ள உறவு அறுந்துவிடாது. அவர் வேறிடத்தில் வேலை தரட்டும். குற்றம் என்றால் குற்றச்சாட்டை எழுதிக் கொடுத்து விசாரிக்கட்டும். வேலையே இல்லை என்றால் அது ஆட்குறைப்பு. ஓராண்டில் 240 நாள் உழைத்தவனுக்கு ஒரு மாத முன்னறிவிப்பு அல்லது அதற்கான சம்பளம், அதோடு முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் நட்டஈடு! 1947 ஆம் ஆண்டுச் சட்டம் தந்த இந்த உரிமை, 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழில் உறவுத் தொகுப்பிலும் இருக்கிறது. நீக்கினால் இரண்டு வேலைநாளுக்குள் சம்பளக் கணக்கைத் தீர்க்கவேண்டும் என்கிறது ஊதியத் தொகுப்பு. காண்ட்ராக்டர் கூலி தராவிட்டால் அந்தப் பொறுப்பு கம்பெனியின் தலையில் விழும்.

"நீ எங்கள் ஆள் அல்ல" என்ற பாட்டு இருக்கிறதே, அது பழைய பாட்டு. கோழிக்கோட்டில் கயிறு திரிக்கும் ஆலை ஒன்றின் முதலாளி உசேன்பாய், அதைப் பாடிக்கொண்டே உச்சநீதிமன்றம் வரை போனார். ஆலை அவருடையது; மூலப்பொருள் அவருடையது; கருவிகள் அவருடையவை; திரித்த கயிறும் அவர் வியாபாரத்துக்கே போயிற்று. கயிறு சரியில்லை என்றால் திருத்தச் சொன்னதும் அவர் நிர்வாகமே. ஆனால் திரித்த கை மட்டும் காண்ட்ராக்டருடையதாம்! 1978 இல் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் அந்தத் திரையைக் கிழித்தார். (1957 இல் கேரள அமைச்சராக இருந்தவர் அவர்; தொழிலாளி வாழ்வை ஏட்டில் மட்டும் படித்தவரல்லர்.) இடைத்தரகர் எத்தனை பேர் நின்றாலும், தொழிலாளியின் பிழைப்பைக் கையில் வைத்திருப்பவன் எவனோ அவனே முதலாளி என்பது தீர்ப்பு.

2001 இல் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு, செயில் வழக்கில், கொஞ்சம் கடிவாளம் போட்டது உண்மை. ஒப்பந்தமுறை ஒழிக்கப்பட்டாலும் தொழிலாளி தானாகவே கம்பெனி ஊழியராகிவிடமாட்டார் என்றது. ஆனால் அதே தீர்ப்பு, ஒப்பந்தம் வெறும் போலி என்று நிரூபித்தால் அவர் கம்பெனி ஊழியரே என்றும் சொன்னது. நிரூபிக்கவேண்டிய இடம் தொழில் தீர்ப்பாயம்.

புதிய தொகுப்புகள் நெஞ்சைக் குளிரவைக்கின்றனவா? இல்லை! 20 ஒப்பந்தத் தொழிலாளர் இருந்தாலே 1970 ஆம் ஆண்டுச் சட்டம் பாயும்; இப்போது 50 பேர் வேண்டுமாம். நாற்பத்தொன்பது பேரை வைத்து வேலை வாங்கக் கற்றுக்கொடுக்கவா வேண்டும் நம் காண்ட்ராக்டர்களுக்கு? வேலைநீக்கத் தகராறு எழுப்ப இருந்த மூன்றாண்டும் இரண்டாண்டாகச் சுருங்கிவிட்டது.

ஆகவே காலம் கடத்தாதீர். பாஸ், சம்பளச் சீட்டு, பி.எப். எண், இ.எஸ்.ஐ. அட்டை, மேஸ்திரி அனுப்பிய செய்தி எதையும் தூக்கி எறியாதீர். கேட்டில் தடுத்த அன்றே, "வேலைக்கு வந்தேன், உள்ளே விடவில்லை, இன்றும் வேலைக்குத் தயார்" என்று காண்ட்ராக்டருக்கும் கம்பெனிக்கும் பதிவுத் தபால் போடுங்கள். இல்லாவிட்டால் நாளை சமரச அதிகாரி முன்னால் காண்ட்ராக்டர் கூசாமல் சொல்வார்: "நாங்கள் நிறுத்தவில்லை ஐயா, அவனாகவே நின்றுவிட்டான்!"