பிர்காத் ஹமாசோன்

பிர்காத் ஹமாசோன் என்பது யூதர்கள் ரொட்டியுடன் கூடிய உணவை உண்டு முடித்தபின் கூறும் நன்றி மன்றாட்டு ஆகும். எபிரேய மொழியில் இதற்கு 'உணவுக்கான வாழ்த்து' என்று பொருள்.

அடிப்படை

உண்டு நிறைவடைந்தபின் இறைவனை வாழ்த்த வேண்டும் என்னும் தோராவின் கட்டளை (உபாகமம் 8:10) இதற்கு அடிப்படை. உண்பதற்கு முன் கூறும் வாழ்த்துகளும் யூதர்களிடம் உண்டு. ஆனால் அவை ராபிகள் எனப்படும் சமய அறிஞர்கள் ஏற்படுத்தியவை. தோரா நேரடியாகச் சொல்வது உண்டபின் கூறும் நன்றியையே. இதன் காரணத்தை அதே அதிகாரத்தில் காணலாம். வயிறு நிறைந்து, வீடும் மந்தையும் செல்வமும் பெருகும்போது மனிதன் செருக்குற்று, எல்லாம் தன் கைவலிமையால் வந்தவை என எண்ணி இறைவனை மறப்பான் என்று அது எச்சரிக்கிறது. பசியில் நினைப்பது எளிது. நிறைவில் மறப்பதும் எளிது.

நான்கு பகுதிகள்

இம்மன்றாட்டின் நான்கு பகுதிகளும் தோன்றிய விதத்தைத் தல்மூத் பின்வருமாறு கூறுகிறது:

1. உணவுக்கான நன்றி: மன்னா கிடைத்தபோது மோசே ஏற்படுத்தியது.
2. நாட்டிற்கான நன்றி: யோசுவா ஏற்படுத்தியது.
3. எருசலேமுக்கான வேண்டுதல்: தாவீதும் சாலமோனும் ஏற்படுத்தியது.
4. நல்லவரும் நன்மை செய்பவருமான இறைவனுக்கு வாழ்த்து: யாவ்னே நகர அறிஞர்கள் ஏற்படுத்தியது.

நான்காவது பகுதி துயரத்தில் பிறந்தது. உரோமருக்கு எதிரான பார் கோக்பா கிளர்ச்சியின் (கி.பி. 132–135) முடிவில் பெத்தார் நகரம் வீழ்ந்தது. அங்கு கொல்லப்பட்டோரின் உடல்கள் நெடுநாள் அடக்கம் செய்யப்படாமல் கிடந்தன. அவை அழுகாமல் இருந்ததற்கும், பின்னர் அடக்கம் செய்ய வழி கிடைத்ததற்கும் நன்றியாக இப்பகுதி சேர்க்கப்பட்டது என்பது மரபு. பேரிழப்பின் நடுவே கிடைத்த ஆறுதலும் இவ்வாறு அன்றாட உணவோடு நினைவுகூரப்படுகிறது.

நடைமுறை

மூவர் சேர்ந்து உண்டால், ஒருவர் மற்றவர்களை மன்றாட அழைப்பார். அவர்கள் மறுமொழி கூறுவர். இந்த அழைப்பு சிம்முன் எனப்படும். உணவு மேசை பலிபீடத்திற்கு ஒப்பாகக் கருதப்படுவதால், வார நாள்களில் மன்றாட்டுக்கு முன் கத்தியை மூடி வைப்பது அல்லது அகற்றுவது வழக்கம். மேசையில் சிறிது ரொட்டியை மீதம் வைப்பதும் உண்டு.

தோரா நிறைவாக உண்டவருக்கே இக்கடமையை விதிக்கிறது. எனினும் ஓர் ஒலிவப்பழ அளவு ரொட்டி உண்டாலும் நன்றி கூற வேண்டும் என ராபிகள் வகுத்தனர்.