ஒழுங்கின்மையில் ஓர் ஒழுங்கு

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் பால்மரம் வெட்டி வாழ்ந்த குடும்பங்கள் நம்முடையவை. அந்த மரங்கள் கோடு போட்டாற்போல் நிரை நிரையாக நின்றன. காலைப் பெரட்டு முதல் பால் நிறுக்கும் நேரம் வரை அங்கு எல்லாவற்றுக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. ஆனால் மங்கில் சொட்டிய பாலுக்குள் இருந்த ரப்பரோ ஒழுங்கு என்பதே அறியாத பொருள்! அந்த ஒழுங்கின்மைதான் அதன் பலம் என்கிறது அறிவியல். இன்று பல தோட்டங்களில் பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. ஆயினும் ரப்பர் கற்றுத்தரும் பாடம் நம் வீட்டு வரவு செலவுக்கும் உதவும் என்பதால் அதைச் சற்று விளக்க விரும்புகிறேன்.

ரப்பர் ஏன் சுருங்குகிறது?

ரப்பர் என்பது நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளின் குவியல். ஒரு சங்கிலியில் பல்லாயிரம் கண்ணிகள் உள்ளன. அவை இந்தப் பக்கம்தான் திரும்ப வேண்டும் என்ற கட்டளை ஏதும் இல்லை. ஒருவர் ஒவ்வோர் அடியையும் மனம்போன திசையில் வைத்து 10,000 அடி நடந்தால், புறப்பட்ட இடத்திலிருந்து ஏறத்தாழ 100 அடி தூரத்தில்தான் இருப்பார் என்பது கணிதம். ரப்பர்ச் சங்கிலியும் அப்படியே தன்னுள் சுருண்டு கிடக்கிறது.

அதை இழுத்தால் நேராகிறது. நேராக நிற்க ஒரே வழிதான். சுருண்டு கிடக்கவோ எண்ணற்ற வழிகள். கையை விட்டதும் வெப்பத்தின் சலனத்தால் சங்கிலி மீண்டும் சுருண்ட நிலைக்கே திரும்புகிறது. ரப்பர் வளையத்தைச் சட்டென்று இழுத்து உதட்டில் வைத்துப் பாருங்கள், இளஞ்சூடு தெரியும். 1805-ஆம் ஆண்டில் இதை எழுதிவைத்த ஆங்கிலேய அறிஞர் ஜான் கஃப் கண்பார்வை அற்றவர் என்பது வியப்புக்குரியது.

பச்சை ரப்பரில் சங்கிலிகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிவிடும். 1839-இல் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர், கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் ரப்பர் உறுதிப்படுவதைக் கண்டார். கந்தகம் சங்கிலிகளுக்கு இடையே பாலம் போடுகிறது. எங்கே போடுவது என்று அது தேர்ந்தெடுப்பதில்லை, தற்செயலாக அமைந்த இடங்களில் போடுகிறது. போதிய பாலங்கள் விழுந்ததும் முழுத் துண்டும் ஒரே வலையாகிவிடுகிறது. அதில் எந்தச் சங்கிலி எப்படிக் கிடக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அந்தத் துண்டு எவ்வளவு இழுத்தால் எவ்வளவு நீளும் என்று கணக்கிட முடிகிறது.

பொன்னேரி ஆசிரியரின் மகன்

ஒன்றை அறிய முடியாத இடத்தில் கோடியைக் கணக்கிட முடிவது எப்படி? இந்தத் துறையில் உலகப் புகழ் பெற்றவர் ஒரு தமிழர். 1940-இல் சென்னையில் பிறந்த சீனிவாச வரதன் அவர்கள், பொன்னேரியில் தலைமையாசிரியராக இருந்தவரின் மகன். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, கொல்கத்தாவில் 1963-இல் முனைவர் பட்டம் பெற்று, நியூயார்க்கில் பணியாற்றினார். 'பெருவிலகல்' கோட்பாட்டை வளர்த்தெடுத்ததற்காக 2007-இல் ஏபெல் பரிசு பெற்றார்.

அக்கோட்பாட்டின் கருத்தைக் காசு சுண்டியே விளக்கலாம். 100 முறை சுண்டினால் 60 அல்லது அதற்கு மேல் தலை விழ 100-இல் சுமார் 3 வாய்ப்பு உண்டு. 1,000 முறை சுண்டி 600 அல்லது அதற்கு மேல் தலை விழும் வாய்ப்போ 100 கோடியில் ஒன்றுக்கும் குறைவு! எண்ணிக்கை பெருகப் பெருக, சராசரியிலிருந்து விலகுவது அவ்வளவு அரிதாகிறது. எவ்வளவு அரிது என்று அளந்து சொல்வதே பெருவிலகல் கோட்பாடு.

நாலு நம்பர் கணக்கு

இனி நம் வீட்டுக்கு வருவோம். கனவில் கண்டது, விபத்தான காரின் எண், புற்றருகே பாம்பு தெரிந்த தேதி என்று எதையும் நம்பராக்கி 'எடுக்கும்' வழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. ஆலயத்தில் என்னிடமே நம்பர் கேட்டவர்கள் உண்டு.

நான்கு இலக்க எண்கள் மொத்தம் 10,000. ஒவ்வொரு குலுக்கலும் புதிது. முந்தியது அதற்கு நினைவில்லை. 'ரொம்ப நாளாக வராத நம்பர், இனி வரும்' என்பதற்குக் கணிதத்தில் இடமே இல்லை. வாரம் 3 குலுக்கல் வீதம் 64 ஆண்டுகள் ஒரே எண்ணை விடாமல் எடுத்தாலும், முதல் பரிசு ஒரு தடவைகூட விழாமல் போக 100-இல் 37 வாய்ப்பு இருக்கிறது. ஆனால் குலுக்கலுக்கு 5 வெள்ளி வீதம் ஆண்டுக்கு 780 வெள்ளி போவது மட்டும் உறுதி.

எடுப்பவர் ஒரு குலுக்கலை நம்புகிறார். நடத்துபவரோ லட்சக்கணக்கான சீட்டுகளின் சராசரியை நம்புகிறார். இழுத்த ரப்பர் பழைய நிலைக்குத் திரும்புவதுபோல் அந்தச் சராசரி அவர் பக்கமே திரும்பும். எப்போதாவது ஒருவருக்கு அடிப்பது உண்மைதான். அந்த ஒருவரைப் பற்றியே நாம் பேசுகிறோம், மற்ற ஆயிரக்கணக்கானோரைப் பற்றிப் பேசுவதில்லை.

அம்மனிடம் நல்வாழ்வு கேட்போம், பிள்ளைகளுக்குக் கல்வி கேட்போம். நம்பர் கேட்க வேண்டாம். அந்த 780 வெள்ளி ஒரு பிள்ளையின் புத்தகத்துக்கும் சீருடைக்கும் காலணிக்கும் ஆகட்டும். பொன்னேரியில் ஓர் ஆசிரியர் வீட்டில் பிறந்தது, நம் தமிழ்ப்பள்ளி மாணவர் வீட்டிலும் பிறக்க அன்னை அருள்புரிவாளாக.