சிறிய புகைவண்டி

சிறுதேர் உருட்டி மகிழாத சிறுவர் உலகில் இலர். பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் அவ்விளையாட்டுக்கென ஒரு பருவத்தையே வகுத்து வைத்தனர். உருளும் பொருளைக் கண்டால் உள்ளமும் உடன் உருளுதல் குழந்தைகளின் இயல்பு. அவ்வியல்பு வளர்ந்தோரிடத்தும் முற்றும் மறைந்து விடுவதில்லை. நீராவிப் புகைவண்டி ஒன்று ஊதிக்கொண்டு வருமாயின், நரைத்த தலையினரும் சற்றே நின்று அதனை நோக்குவர். இவ்விருப்பமே மேலைநாடுகளில் நுட்பமானதொரு கைத்தொழிற் கலையாக வளர்ந்துள்ளது. பெரிய புகைவண்டியைப் பலமடங்கு சுருக்கிச் செய்து, உண்மையாகவே நெருப்பு மூட்டி, நீராவியால் ஓட்டி, அதில் மக்களையும் ஏற்றிச் செல்லும் கலையே அது.

இவ்வண்டியைப் பொம்மை என்று கருதுதல் பிழையாகும். பொம்மை வண்டி முறுக்கிய கம்பிச்சுருளாலோ மின்கலத்தாலோ ஓடும். இச்சிறு வண்டியோ பெரிய வண்டியைப் போன்றே நிலக்கரியை உண்டு, நீரைப் பருகி ஓடுவது. அதன் நெருப்பறையில் தீ எரியும். கொதிகலனில் நீர் கொதிக்கும். அங்கே பிறக்கும் நீராவி உருளைக்குட் புகுந்து உந்துதண்டைத் தள்ளும். உந்துதண்டின் முன்பின் அசைவு சக்கரங்களின் சுழற்சியாக மாறும். இத்தகைய பொறிகளைச் செய்வோருக்கு உதவும் பொருட்டு இங்கிலாந்தில் பெர்சிவல் மார்ஷல் என்பவர் 1898-ஆம் ஆண்டில் ஒரு திங்களிதழைத் தொடங்கினார். அவ்வாண்டிலேயே இலண்டன் நகரில் இக்கலைஞர்களின் சங்கமும் தோன்றிற்று. அதன் பின்னர்ப் பல நாடுகளிலும் இத்தகைய சங்கங்கள் எழுந்தன.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இக்கலையிற் பெருவிருப்பங் கொண்டிருந்தோருள் வால்ட் டிஸ்னியும் ஒருவர். மிக்கி என்னும் சுண்டெலியைத் திரையில் ஓடவிட்டு உலகோரைச் சிரிக்கச் செய்தவர் அவரே. இளமையிற் புகைவண்டிகளில் செய்தித்தாளும் தின்பண்டமும் விற்றுத் திரிந்தவராதலின், புகைவண்டியின்பால் அவருக்கிருந்த பற்று இறுதிவரை நீங்கவில்லை. அவரிடம் ஓவியராய்ப் பணிபுரிந்த ஆலி ஜான்ஸ்டன் தம் வீட்டுத் தோட்டத்தில் சிறு நீராவி வண்டி ஓட்டுவதை அவர் கண்டார். தாமும் அவ்வாறே செய்ய வேண்டும் என்ற ஆவல் அவர் உள்ளத்தில் மூண்டது.

மத்திய பசிபிக் இருப்புப்பாதையில் ஓடிய 173-ஆம் எண் எஞ்சினின் வரைபடங்களைக் கொண்டு, எட்டில் ஒரு பங்கு அளவில் ஒரு சிறு எஞ்சின் அவருடைய படநிலையத்துப் பட்டறையில் உருவாயிற்று. ரோஜர் பிராகி என்னும் தலைமைத் தொழில் வல்லுநர் அவ்வேலையை நடத்தினார். டிஸ்னியோ பெரும் நிறுவனத்தின் தலைவராயிருந்தும், அவ்வல்லுநரிடம் மாணாக்கர்போல நின்று உலோக வேலையும் மர வேலையும் பயின்று, சில உறுப்புகளைத் தம் கைகளாலேயே செய்தார். வண்டித்தொடரின் கடைசியிற் செல்லும் கார்டு பெட்டியும் அவர் கைவேலையே. தம் மனைவி லில்லியனின் பெயரை நினைந்து எஞ்சினுக்கு 'லில்லி பெல்' என்று பெயரிட்டார். லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் கேரல்வுட் தெருவிலிருந்த அவர் வீட்டுத் தோட்டத்தில் 2,615 அடி நீளமுள்ள இருப்புப்பாதை அமைந்தது. மனைவியாரின் பூம்பாத்திகள் கெடலாகாது என்று, அவற்றின் கீழே 90 அடி நீளச் சுரங்கம் ஒன்றும் தோண்டப்பெற்றது. 1950-ஆம் ஆண்டில் லில்லி பெல் அங்கே ஓடத் தொடங்கிற்று. வீட்டுக்கு வந்த விருந்தினர் அவ்வண்டியில் ஏறி மகிழ்ந்தனர்.

அம்மகிழ்ச்சி மூன்றாண்டுகளே நீடித்தது. 1953-ஆம் ஆண்டில் ஒரு நாள், விருந்தினர் ஒருவர் எஞ்சினை ஓட்டினார். வளைவொன்றில் அவர் விரைவைக் குறைக்காமற் சென்றமையால் வண்டி தடம் புரண்டது. எஞ்சினிலிருந்து சீறி வெளிப்பட்ட நீராவி, அருகே வந்த சிறுமி ஒருத்தியைச் சுட்டது. காயம் பெரிதன்று. எனினும், அதன் பின்னர் டிஸ்னி தம் தோட்டத்து இருப்புப்பாதையை மூடிவிட்டார். லில்லி பெல் அங்கே மீண்டும் ஓடவில்லை.

இடுப்பளவு உயரங்கூட இல்லாத ஒரு வண்டியால் இத்தகைய இடர் நேர்வது எங்ஙனம்? கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்பது பழமொழி. வண்டியின் நீளத்தையும் அகலத்தையும் உயரத்தையும் மனிதன் தன் விருப்பப்படி சுருக்கலாம். ஆயினும், இயற்கையின் விதிகள் அவற்றோடு சுருங்குவதில்லை. இவ்வுண்மையைச் சிறியதொரு கணக்கால் தெளியலாம்.

ஒரு கொதிகலனின் எல்லா அளவுகளையும் எட்டில் ஒன்றாகக் குறைப்பதாகக் கொள்வோம். அப்பொழுது அதன் மேற்பரப்பு 8 × 8, அஃதாவது 64-இல் ஒரு பங்காகும். அதன் கொள்ளளவோ 8 × 8 × 8, அஃதாவது 512-இல் ஒரு பங்காகும். பெரிய கொதிகலன் 5,120 லிட்டர் நீர் கொள்ளுமாயின், சிறியது 10 லிட்டரே கொள்ளும். ஆகவே, பெரிய எஞ்சினின் ஓட்டுநர் சிறிது நேரம் நீரை நோக்காதிருப்பினும் பிழைத்துக்கொள்ளலாம். சிறிய எஞ்சினை ஓட்டுபவர் அங்ஙனம் இருத்தல் இயலாது. அதிலுள்ள சிறிதளவு நீர் விரைவில் ஆவியாகிக் குறைந்துவிடும். நெருப்பறையின் மேற்றகட்டை எப்பொழுதும் நீர் மூடியிருத்தல் வேண்டும். நீர் வற்றி அத்தகடு வெளிப்படுமாயின், நெருப்பின் வெம்மையால் உலோகம் இளகி, அழுத்தம் தாங்காது கிழிந்துவிடும். இதனாலேயே ஓட்டுநரின் கண் நீர்மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயை விட்டு நெடுநேரம் அகலலாகாது என்பது இக்கலையின் முதற்பாடமாயிற்று.

நீராவியின் வெம்மையும் சுருங்குவதன்று. ஒரு சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டு அழுத்தமுள்ள கொதிகலனில் நீராவியின் வெப்பநிலை ஏறத்தாழ 170 டிகிரி செல்சியஸ் ஆகும். கொதிகலன் யானையளவு இருப்பினும், ஆட்டுக்குட்டியளவு இருப்பினும் இவ்வெப்பநிலை ஒன்றே. சிறு குழாயிலிருந்து பீறிடும் நீராவியும் பெரிய எஞ்சினின் நீராவியைப் போன்றே தோலைப் பொசுக்கும்.

சுருங்காத பொருள் இன்னும் ஒன்று உண்டு. அதுவே வண்டியில் அமரும் மனிதன். அமெரிக்கப் புகைவண்டிகள் ஓடும் தண்டவாளங்களின் இடைவெளி 4 அடி 8½ அங்குலம். டிஸ்னியின் தோட்டத்துத் தண்டவாளங்களின் இடைவெளி 7¼ அங்குலமே. பாதை குறுகிற்று, வண்டியும் குறுகிற்று, ஆனால், அதன்மேல் ஏறுவோர் முழு வளர்ச்சியடைந்த மாந்தர். குறுகிய அடியின்மேல் பாரம் உயர்ந்து நிற்பின், அது எளிதிற் சாயும். வளைவிற் செல்லும் வண்டியை வெளிப்புறமாகத் தள்ளும் விசையோ, விரைவு இருமடங்கானால் நான்கு மடங்காகும். விரைவு மும்மடங்கானால் ஒன்பது மடங்காகும். எனவே, வளைவில் மெதுவாகச் செல்லுதலும், பயணிகள் பக்கவாட்டிற் சாயாதிருத்தலும் இச்சிறு வண்டிக்கு இன்றியமையாதன. தடம் புரண்ட அந்நாளில் லில்லி பெல் மீறியது விளையாட்டு விதி ஒன்றையன்று, இயற்கையின் விதியையே.

அவ்வாறாயின், இச்சிறு வண்டிகளில் மக்களை ஏற்றுதல் தகாதோ? தகும், பலர் கூடி ஒழுங்கு வகுத்துக்கொண்டால் அது நன்கு இயலும். லாஸ் ஏஞ்சலிஸ் நகரிலேயே இதற்குச் சான்று உண்டு. அந்நகரில் 4,000 ஏக்கருக்கு மேற்பட்ட பரப்புடைய கிரிபித் பூங்காவில், நீராவி வண்டி ஆர்வலர் 1956-ஆம் ஆண்டில் ஒரு சங்கம் நிறுவினர். டிஸ்னியும் அதன் தொடக்கக்கால உறுப்பினராய் இருந்தார். தம் தோட்டத்தில் இழந்த இன்பத்தை மற்றவர் கூடிக் காக்க அவர் துணைநின்றார் எனலாம். அச்சங்கத்தின் வண்டிகள் 7½ அங்குல இடைவெளிப் பாதையில் ஓடுவன. ஐக்கிய நாடுகளின் வடகிழக்குப் பகுதியில் 7¼ அங்குலமும், பிற பகுதிகளில் பெரும்பாலும் 7½ அங்குலமும் வழக்கில் உள்ளன. ஞாயிற்றுக்கிழமைகளில் பூங்காவுக்கு வருவோரை ஏற்றிச் செல்லுதல் அச்சங்கத்தார் நெடுங்காலமாகப் போற்றிவந்த தொண்டாகும். அதனை நடத்துவோர் ஊதியம் பெறாத தொண்டர்களே.

இத்தகைய சங்கங்களின் பணிமுறை அறியத்தக்கது. கொதிகலனைச் செய்தவர் எத்துணைத் தேர்ந்த கைவினைஞராயினும், தம் கொதிகலனுக்குத் தாமே சான்று கூறிக்கொள்ளல் ஆகாது; அதனைச் செய்யாத வேறொருவரே சோதித்துச் சான்றளித்தல் வேண்டும். அச்சோதனையை முதற்கண் நீராவியால் நடத்துவதில்லை. கொதிகலனில் சிறிதும் காற்றிடம் இல்லாதவாறு தண்ணீரை நிரப்பி, வேலைக்குரிய அழுத்தத்தினும் மிகுந்த அழுத்தத்தைக் கைக்குழாயால் ஏற்றுவர். தண்ணீர் எளிதில் அமுங்காத பொருளாதலின், கொதிகலனிற் குறை இருப்பின் அவ்விடத்தில் நீர் கசிந்து, அழுத்தம் உடனே தணிந்துவிடும்; வெடிப்பு நேராது. நீராவியாற் சோதிப்பின் நிலைமை வேறு. நீர் ஆவியாகுங்கால் சாதாரணக் காற்றழுத்தத்தில் ஏறத்தாழ 1,600 மடங்கு விரியும். கொதிகலன் பிளந்தால் அவ்விரிவு ஒரு நொடியில் நிகழ்ந்து பேரழிவை விளைக்கும். இக்காரணத்தால், தண்ணீர்ச் சோதனையில் தேறிய கொதிகலனிலேயே தீ மூட்டுவர். பின்னர் அழுத்தம் வரம்பு மீறுங்கால் காப்பு வால்வு தானே திறந்து நீராவியை வெளியேற்றுகிறதா என்பதையும் காண்பர். இச்சோதனைகளைக் குறித்த காலந்தோறும் மீண்டும் நடத்துவர். முடிவுகளை ஏட்டிற் பதிவர்.

மக்கள் ஏறும் நாளில் தொண்டர்கள் வைகறையிலேயே வந்துவிடுவர். ஒருவர் பாதை முழுதும் நடந்து, தண்டவாளத்தில் கல்லோ சுள்ளியோ கிடக்கிறதா என்று பார்ப்பார். ஒருவர் பெட்டிகளின் இணைப்பையும் தடைக்கருவியையும் சோதிப்பார். ஒருவர் சாம்பலை அகற்றி, எண்ணெய் இட்டு, தீ மூட்டுவார். எஞ்சினில் அழுத்தம் ஏறும்வரை காத்திருத்தலும் ஒரு கடமையே. அவசரப்படுவோருக்கு நீராவி பணியாது. நிலையத்தில் நிற்பவர் குழந்தைகளை ஒழுங்காக அமர்த்தி, கைகளையும் கால்களையும் வெளியே நீட்டலாகாது, எழுந்து நிற்கலாகாது, பக்கம் சாயலாகாது என்று ஒவ்வொரு முறையும் சொல்வார். அன்று நூறு முறை சொல்லியிருப்பினும், நூற்றோராம் முறையும் அதே தெளிவோடு சொல்லுதல் வேண்டும். ஏனெனில், அப்போது ஏறும் குழந்தைக்கு அது முதன்முறை. கடைசிப் பெட்டியில் கார்டு அமர்ந்து வண்டித்தொடர் முழுவதையும் நோக்கியிருப்பார். அவர் அடையாளம் காட்டினாலன்றி ஓட்டுநர் வண்டியை எடுப்பதில்லை.

இத்தொண்டர்கள் வாரநாட்களில் வேறு வேறு தொழில் புரிவோர். கணக்கரும் ஆசிரியரும், ஓய்வுபெற்ற தொழிலாளியும் கல்லூரி மாணவரும் இங்கே ஒருங்கு நிற்பர். செல்வமோ பதவியோ இங்கே சிறப்புத் தருவதில்லை; வேலையறிவும் விழிப்பும் உடையவரே ஓட்டுநராவர். புதிதாய்ச் சேர்ந்தவர் முதலிற் சாம்பல் அள்ளுவார், துருவைத் துடைப்பார், பாதையிற் கல் இடுவார். பிறகு தேர்ந்தவர் அருகிலிருந்து பயின்று, தகுதி கண்ட பின்னரே நெம்புகோலைத் தொடுவார். தோட்டத்து வண்டியில் இல்லாதிருந்த காவல் இதுவே.

1966-ஆம் ஆண்டில் டிஸ்னி மறைந்தார். அவருடைய தோட்டத்தில் பட்டறையாகவும் பாதைகளை மாற்றும் நிலையமாகவும் விளங்கிய மரக்கொட்டகையை, 1999-ஆம் ஆண்டில் கிரிபித் பூங்காவில் அச்சங்கத்தின் பாதைக்கு அருகே கொண்டுவந்து நிறுவினர். தனி ஒருவர் தம் மகிழ்ச்சிக்காகக் கட்டிய கொட்டகை, பலர் கூடிப் பிறர் மகிழ்ச்சிக்காக உழைக்கும் இடத்தை அடைந்தது பொருத்தமுடையதே.

சிறு வண்டியில் ஏறும் குழந்தை கொதிகலச் சோதனையை அறியாது. காப்பு வால்வை அறியாது. வைகறையில் பாதை நடந்து பார்த்தவரையும் அறியாது. அது அறிவதெல்லாம் புகையும் ஊதலும், மரங்களினூடே வளைந்தோடும் இன்பமுமே. அக்குழந்தை அச்சமின்றிச் சிரிப்பதற்காகவே அத்தனை பேர் விழித்திருக்கின்றனர். அளவிற் சிறியது ஆதலின் கவலையும் சிறிதே போதும் என்று எண்ணுவோர் இடர்ப்படுவர். எஞ்சினை எட்டில் ஒன்றாகச் சுருக்கலாம். ஏறியவர்பாற் கொள்ளும் பொறுப்பை அணுவளவும் சுருக்குதல் ஆகாது.