டாக்குரியா மண்ணும் இமயமலையும்

கொல்கத்தா நகரின் தெற்கே டாக்குரியா என்ற பகுதி இருக்கிறது. அதன் பக்கத்தில் பெரிய ஏரி ஒன்று உண்டு. அது இயற்கையான ஏரி அல்ல. 1920களில் சதுப்பு நிலத்தை வெட்டி உண்டாக்கினார்கள். வெட்டிய மண்ணைப் போட்டு, சுற்றி இருந்த பள்ளங்களை மேடாக்கினார்கள்.

நம் ஊரில் கிணறு வெட்டினால் பாறை தட்டும். டாக்குரியாவில் தட்டாது. களிமண், வண்டல், மணல், இவைதான் வரும். பல ஆயிரம் அடி ஆழத்துக்கு இப்படித்தான்.

ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேயரின் கல்லறை கொல்கத்தாவில் இருக்கிறது. அதில் உள்ள கல் பல்லாவரம் பக்கத்துக் கல். அந்த வகைக் கல்லுக்கு 1893இல் தாமஸ் ஹாலண்ட் என்ற அறிஞர் சார்னோகைட் என்று பெயர் வைத்தார். பல்லாவரம் பாறையின் வயது சுமார் 250 கோடி ஆண்டு!

டாக்குரியா மண்ணுக்கு அவ்வளவு வயது இல்லை. அது எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி இமயமலையிலிருந்து வந்தது. மழையும் பனியும் மலையை அரித்தன. கங்கை அதைச் சுமந்து வந்து கொட்டியது.

சரி, இமயமலை எப்படி வந்தது?

பூமியின் மேல் ஓடு ஒரே துண்டாக இல்லை. உடைந்த தேங்காய் ஓடு போலப் பல துண்டுகளாக இருக்கிறது. அவை மெல்ல நகர்கின்றன. நம் நாடு இருக்கும் துண்டு ஒரு காலத்தில் ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா ஆகியவற்றோடு ஒட்டி இருந்தது. பிறகு பிரிந்து வடக்கே நகர்ந்தது. நடுவே ஒரு கடல் இருந்தது. சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் நம் நிலம் ஆசியாவோடு மோதியது. கடல் மறைந்தது.

சுவரோரம் கிடக்கும் கோரைப்பாயைக் காலால் தள்ளிப் பாருங்கள். பாய் மடிந்து மேலே எழும். கடலடித் தரையும் அப்படித்தான் மடிந்து எழுந்தது. அதுதான் இமயமலை.

கடல் இருந்ததற்குச் சாட்சி உண்டா? உண்டு. சிலர் வீட்டுப் பூசையில் சாளக்கிராமம் வைத்திருப்பார்கள். நேபாளத்தில் கண்டகி ஆற்றில் கிடைக்கும் கருங்கல் அது. அதில் சுருள் சுருளாகக் கோடுகள் தெரியும். அவை அந்தப் பழைய கடலில் வாழ்ந்த பிராணியின் ஓடு பதிந்த அச்சு. கும்பிடுகிறவர்கள் கும்பிடட்டும். மலை மேல் கடல் இருந்த கதையையும் அந்தக் கல் சொல்கிறது.

நம் நிலம் இன்னும் நிற்கவில்லை. ஆண்டுக்கு 4, 5 சென்டிமீட்டர் வடக்கே தள்ளுகிறது. விரல் நகம் வளரும் வேகம்தான். ஆனால் மலைக்கு அடியில் பாறைகள் இறுகிப் பிடித்துக்கொள்கின்றன. ஒருநாள் திடீரென வழுக்குகின்றன. நிலம் அதிர்கிறது. 1934 ஜனவரி 15 அன்று பீகாரும் நேபாளமும் இப்படிக் குலுங்கின. 2015 ஏப்ரல் 25 அன்று நேபாளத்தில் சுமார் 9,000 பேர் இறந்தார்கள். அன்று கொல்கத்தாவிலும் கட்டடங்கள் ஆடின. மக்கள் தெருவுக்கு ஓடி வந்தார்கள்.

அம்மிக்கல்லைத் தட்டினால் ஆடாது. கிண்ணத்தில் உள்ள கூழைத் தட்டினால் ததும்பும். வண்டல் மண்ணும் அப்படித்தான். பாறையைவிட அதிகம் ஆடும். அதனால்தான் டாக்குரியா போன்ற இடங்களில் மாடி வீடு கட்டும் முன் நிலத்தில் துளை போட்டு, மண்ணை எடுத்துச் சோதிக்க வேண்டும். கட்டடம் பெரியது என்றால் தூண்களை ஆழமாக இறக்க வேண்டும்.